உப்பு வயலுக்கு எந்த நெல்?

தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஐ.ஐ.டி. வளாகத்தைச் சுற்றிக்கொண்டு கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலைக்கு வந்தால் பாரம்பரிய விதைகளுக்காக உழைக்கும் சி.ஐ.கே.எஸ். மையம். சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரண்டு நிறுவனங்களும் ஒரே கேள்விக்கு விடை தேடியவை: கடல்நீர் ஏறிய வயலில் நெல் விளைய என்ன வழி?

தரமணியின் விடை அலையாத்திக் காட்டிலிருந்து வந்தது. அவிசீனியா மரீனா என்னும் கண்டல் மரம் உப்புச் சேற்றில் வேரூன்றி, மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும். வெயில் ஏறியபின் அந்த இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும். அஜய் பரிடா தலைமையிலான குழு இம்மரத்தின் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்த்தது. காப்புரிமையும் கிடைத்தது. உழவர் வயலுக்கு மட்டும் அந்த நெல் இன்னும் வரவில்லை.

கோட்டூர்புரத்தின் விடை பழையது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களில் உப்புப் படிந்து கிடந்தது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பை வடிப்பது, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது, பிறகு உவர் தாங்கும் ரகத்தை விதைப்பது என்று நிலம் மெல்ல மீட்கப்பட்டது. குழியடிச்சான், களர்பாளை போன்ற நெல் ரகங்களைக் கடைமடை உழவர்கள் இதற்காகவே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். விளைச்சல் குறைவுதான். ஆனால், உப்பேறிய வயலில் மற்ற ரகங்கள் கருகும்போது இவை நின்று கதிர் தரும்.

மரபணு மாற்றுப் பயிர் என்றதும் ‘விஷம்’ என்று ஒரு தரப்பும் ‘அறிவியல் விரோதம்’ என்று மறுதரப்பும் குரல் உயர்த்துவதில் இந்தக் கடைமடை உழவர் காணாமல் போகிறார். அவருக்குத் தேவையான கேள்விகள் எளியவை. அடுத்த போகத்துக்கு விதையை எடுத்து வைக்கலாமா? சோதனை முடிவுகளை யார் பார்த்தார்கள்?

பருத்தி இதற்குப் பாடம். 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி, தொடக்கத்தில் பச்சைக் காய்ப்புழுவை அடக்கியது. பூச்சிமருந்துச் செலவும் குறைந்தது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், இந்தியாவில் அது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகமாகவே வந்ததால், ஆண்டுதோறும் கடைக்குப் போய் விதை வாங்கியே தீர வேண்டியதாயிற்று. 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006இல் ஆந்திர அரசு வழக்காடிய பிறகே 750 ரூபாய்க்கு இறங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பின்னர் எதிர்ப்புத்திறன் பெற்று மீண்டும் வந்தது. பி.டி. பருத்தியை ஆதரிப்பார் என்று பலரும் எதிர்பார்த்திருந்த எம்.எஸ். சுவாமிநாதனே, பி.சி. கேசவனுடன் சேர்ந்து 2018இல் எழுதிய கட்டுரையில் அதைக் கடுமையாக விமர்சித்தார். அறிவியலாளர்கள் பலர் அக்கட்டுரையைக் கண்டித்தார்கள்.

உணவுப் பயிரில் நிலை வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அனுமதித்துவிட்டது. நம் தட்டுக்கு அந்தத் தொழில்நுட்பம் வரவில்லை என்று இருந்துவிட முடியாது. பருத்திக்கொட்டை எண்ணெயும் இறக்குமதி சோயா எண்ணெயும் பல வருடங்களாகச் சமையலறைக்குள் இருக்கின்றன. தி.நகரில் எண்ணெய் பாக்கெட் வாங்குபவருக்கு அது தெரிய வழியில்லை.

இப்போது அரிசியே வருகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. ‘கமலா’ என்பது சம்பா மசூரியிலிருந்து உருவானது. சென்னை வீடுகளில் ஆந்திரா பொன்னி என்ற பெயரில் வேகும் அரிசி அந்தச் சம்பா மசூரிதான். மற்றொன்றான பூசா டி.எஸ்.டி. 1 வறட்சியும் உவரும் தாங்கும் என்கிறார்கள். கடலோர உவர் நிலத்தில் சுமார் 30% கூடுதல் விளைச்சல் என்பது அரசு சொல்லும் கணக்கு. மரபணு மாற்ற எதிர்ப்பு அமைப்புகள் இக்கணக்கை மறுக்கின்றன. வேற்று உயிரினத்தின் மரபணு இவற்றில் இல்லை. அதைக் காரணம் காட்டி, இத்தகைய பயிர்களுக்கு உயிரிப் பாதுகாப்பு விதிகளில் 2022 மார்ச்சிலேயே விலக்கு தரப்பட்டுவிட்டது. கண்டல் மரபணு நெல்லைவிட இதில் ஆபத்து குறைவு என்பது ஏற்கத்தக்க வாதம். அதற்காகச் சோதனை விவரங்களை முழுமையாக வெளியிடத் தேவையில்லை என்றாகிவிடாது. திருத்தும் கருவியான கிரிஸ்பரின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டவரிடம் இருக்கும்போது விதைநெல்லின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர் கடைகளில் கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் சாதாரண அரிசியைவிட இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகின்றன. நல்ல மாற்றம். ஆனால், நகரத்தார் கேட்பது சர்க்கரைக்கு ஏற்ற அரிசி. குழியடிச்சானைத் தேடி யாரும் வருவதில்லை. சந்தை காப்பாற்றாத இந்த ரகங்களை அரசுதான் காப்பாற்ற வேண்டும். நவீன ஆய்வுக்கும் அவையே முதலீடு: வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லுக்கு அந்தக் குணம் ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்தது. மரபணுக் குறியீடு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கலப்பின முறையில் உருவானதால் அதை எதிர்த்துப் போராட்டம் எதுவும் எழவில்லை.

மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வகுக்குமாறு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. அக்கொள்கை வருவதற்குள், நாகை, வேதாரண்யம் கடைமடையில் பூசா ரகத்தையும் குழியடிச்சானையும் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். ரகங்களையும் பக்கத்துப் பக்கத்து வயலில், உழவர் கண்முன் நட்டுப் பார்ப்பதைத் தமிழக அரசு அடுத்த சம்பாப் பருவத்திலேயே தொடங்கலாம். செலவையும் விளைச்சலையும் தமிழில் வெளியிட்டால், எதை விதைப்பது என்று கடைமடைக்காரர்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்வார்கள்.