சைலன்சரும் கைரேகையும்

'குலத்தொழிலை விட்டொழி' என்பது நம் இயக்கத்தின் அரிச்சுவடி. பறையடிக்காதே, செத்த மாடு தூக்காதே, பிணம் சுடாதே, பீ அள்ளாதே. இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. எங்க ஊரில் சாவு சொல்லப் போன கடைசி ஆள் என் அப்பா. அந்த வேலை எனக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் பத்தாவது முடித்த கையோடு மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சரி, விட்டொழித்துவிட்டு எங்கே போனோம்? போன இடத்தில் எந்த மூலையில் நிறுத்தப்பட்டோம்? இதைப் பேசச் சொன்னால் தோழர்கள் பலருக்கு வாய் அடைத்துப்போகிறது. அண்மையில் மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஒரு தம்பி 'நகரமும் எந்திரமும் சாதியைக் கரைக்கும்' என்று ஒரு மணி நேரம் பேசினான். நல்லாத்தான் பேசினான். முடிஞ்சு வெளியே வந்தா அவன் வண்டி நிக்குது. சைலன்சர் பளபளன்னு மின்னுது. "இத யாரு தம்பி பாலிஷ் போட்டது?"ன்னு கேட்டேன். "தெரியலண்ணே, கடையில குடுத்தேன்"னான்.

அந்தத் 'தெரியல' பற்றித்தான் எழுதுகிறேன். அம்பத்தூர், பாடி பக்கம் மூன்று பட்டறைகளில் பதினோரு வருஷம் பஃபிங் மிஷின் முன்னால் நின்றவன் நான்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்கள் 'துணி வச்சு துடைக்கிற வேலைதானே' என்று நினைக்கிறார்கள். வண்டியிலிருந்து கழற்றி வந்த சைலன்சரில் எண்ணெய், தார், மழைச்சேறு, சூட்டில் ஒட்டி உருகிப்போன ரெயின்கோட்டு, செருப்பு ரப்பர் எல்லாம் இருக்கும். இரண்டு வாயையும் துணி வைத்து அடைத்து, மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணி போட்டுக் கழுவ வேண்டும். அப்புறம் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். புல்லட்டுக்குக் கம்பெனியிலிருந்து வந்த சைலன்சர் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரும்புக்கு மேல் குரோம் முலாம் போட்டது. அதைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் முலாம் போய் இரும்பு இளிக்கும். வாங்கி மாட்டுகிற சைலன்சர்களில்தான் ஸ்டெயின்லெஸ் அதிகம். அதிலும் காந்தம் பிடிக்கிற 409 என்கிற மட்ட ரகம் உண்டு, குரோமியம் ஏறக்குறைய 11 சதவீதம்தான். காந்தம் அவ்வளவாகப் பிடிக்காத 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். எது என்று தெரியாமல் கை வைத்தால் முதலாளி நம் கூலியில் பிடிப்பார்.

பிறகு எமரி. 120-ல் ஆரம்பித்து 180, 240, 320, 400 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றித் தேய்க்க வேண்டும், அப்போதுதான் முந்தைய நம்பரின் கீறல் போனதா என்று தெரியும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் கடைசியில் கண்ணாடி மாதிரி வந்த பிறகு வெயிலில் அந்தக் கீறல் தெரியும், மறுபடி முதலிலிருந்து. அப்புறம் நார்ச் சக்கரம், கடைசியில் காடாத் துணிச் சக்கரம், பச்சைக் கட்டி. மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றும். குழாயைச் சக்கரத்தின் நடுவுக்குக் கீழே பிடிக்க வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினாலும் சக்கரம் பிடுங்கித் தூக்கி அடிக்கும். என் இடது புருவத்துத் தழும்பு அப்படி வந்ததுதான். எல்லாம் முடிந்தால் சுண்ணாம்புத் தூள் போட்டு மெழுகைத் துடைக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. பாலிஷ் முடிந்த சைலன்சரில் ஒரு விரல் ரேகைகூட இருக்கக் கூடாது. நம் தோலின் எண்ணெய் அதில் இருந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடேறினால் அந்த ரேகை அப்படியே வெந்து பதிந்துவிடும். கழுவினாலும் போகாது. அதனால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுத் துணியால் பிடித்துத்தான் வெளியே கொடுக்க வேண்டும். "ஏய் பாலிஷு, உன் கை பட்ட அடையாளமே இருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" இது ஒரு முதலாளி தினமும் சொன்ன வாசகம். லோகத்தின் நியாயம் அது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் டீக்கடையில் எங்க தாத்தாவிடம் சொன்னதும் ஏறக்குறைய இதே வாசகம்தானே என்று நான் யோசித்ததுண்டு.

ஒரு பட்டறைக்குள்ளேயே ஊரும் சேரியும் இருக்கிறது தோழர்களே. முன்பக்கம் லேத், டிரில்லிங். அங்கே ஃபேன், அங்கே சாமி படம். நடுவில் வெல்டிங். கடைசியில், கக்கூஸை ஒட்டி, தகரம் அடித்துப் பிரித்த கொட்டகையில் பாலிஷ். தூசு பறக்கும் என்பதால் பின்னால் வைப்பது சரி. ஆனால் லேத்துக்காரனுக்குப் பெயர் உண்டு, வெல்டரை 'மேஸ்திரி' என்பார்கள், நமக்குப் பெயர் 'பாலிஷு'. மூஞ்சி முழுக்கக் கரியும் மெழுகும். அதனால் தண்ணிப் பானையில் நாம் மொள்ளக் கூடாது, யாராவது ஊற்றுவார்கள். டம்ளர் தனி. கேட்டால், "அழுக்கா இருக்கீங்கப்பா, அதான். சாதியெல்லாம் யாரு இங்க பாக்குறா?" என்பார்கள். இரண்டாவது பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுச் சம்பளம் வாங்கப் போனேன். அன்றைக்கும் எனக்கு அந்தத் தனி டம்ளரில்தான் டீ வந்தது. அழுக்கு எங்கே இருக்கிறது என்று அன்று புரிந்தது.

எல்லாப் பட்டறையிலும் தலித்துகள்தான் பாலிஷ் போடுகிறார்கள் என்று நான் கணக்குச் சொல்லவில்லை. நான் நின்ற மூன்றிலும் அப்படி இருந்தது. இப்போது பீகார், உத்தரப்பிரதேசத்துப் பையன்கள் வந்திருக்கிறார்கள். என்ன ஆளுங்க என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நல்லாத் தெரியும், நானும் சிரிச்சிருக்கேன்.

இது ஒன்றும் புதுசில்லை. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். காரணம், நாடாவில் நூல் மாற்றும்போது நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும். கூலி அதிகம் கிடைத்ததும் அந்தப் பிரிவில்தான்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் செங்கொடிச் சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். நீராவி எந்திரம் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எச்சில் தீட்டு ஆலைக்குள் உட்கார்ந்திருந்தது. 1938-ல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் நம் எதிரிகள் என்று அவர் சொன்னதை மேடைக்கு மேடை சொல்கிறோம். இரண்டும் ஒரே கொட்டகையில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வர்க்கம் பேசும் சங்கத்துக்காரர்கள் பெரிய ஆலைகளின் வாசலோடு நின்றுவிட்டார்கள். சாதி பேசும் நாம் ஊர் எல்லையோடு நின்றுவிட்டோம். நடுவில் இருக்கிறது பட்டறை.

உடம்புக்கு வருகிறேன். நாள் முழுக்கச் சக்கரத்தின் முன்னால் நின்றவன் ராத்திரி மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும். அதில் இருப்பது எமரித் தூள், துணி நார், மெழுகு, குரோமியமும் நிக்கலும் கலந்த உலோகத் தூள். பழுப்புக் கட்டி போடும் இடத்தில் சிலிக்காவும் உண்டு. பக்கத்தில் வெல்டிங் புகை வேறு. ஸ்டெயின்லெஸ்ஸை வெல்டு வைக்கும்போது ஆறு இணைதிறன் குரோமியம் என்கிற நஞ்சு கிளம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதையும் நிக்கல் கூட்டுப் பொருள்களையும் 1990-லும், சிலிக்காத் தூளை 1997-லும், வெல்டிங் புகையை 2017-லும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வரிசையில் சேர்த்தது. எங்களுக்குக் கொடுத்தது ஒரு கைக்குட்டை. அதுவும் நம்ம கைக்குட்டை.

இதையெல்லாம்விட மோசமானது வெல்டு வைத்த இடத்தின் நீலக் கருப்பை எடுக்கப் பூசும் வெள்ளைப் பசை. சூடு பட்டால் ஸ்டெயின்லெஸ் நிறம் மாறும். ஏறக்குறைய 290 டிகிரியில் வெளிர் மஞ்சள், 540-ல் நீலம். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோன தோல் இருக்கும், அதை எடுக்காவிட்டால் அங்கேதான் துரு பிடிக்கும். அதனால் பசை பூசுகிறார்கள். அதில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் இருக்கும். 'ஆசிட்' என்று மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்கள். சாதாரண ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறிக் கழுவுவோம். இது அப்படி இல்லை. பட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது. தோலுக்குள் இறங்கி, மணிக்கணக்கு கழித்துத்தான் வலிக்கும். உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதிகம் பட்டால் இதயமே நின்றுவிடும்.

எங்களோடு பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். சனிக்கிழமை சாயந்திரம் கிழிந்த கிளவுஸோடு அந்தப் பசையைப் பூசினான். ராத்திரி ரெண்டு மணிக்கு "அண்ணே, விரலு உள்ள யாரோ ஊசி வச்சு நோண்டுற மாதிரி இருக்குண்ணே"ன்னு அழுதுகிட்டு எழுப்பினான். நகத்துக்கு அடியில் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் தீக்காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். என்ன ஆசிட் என்று கேட்டார்கள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து நாளில் வலது ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்தார்கள். நிறையத் தண்ணீரில் உடனே கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் விரல் தப்பியிருக்கும். பசை விற்கிற கம்பெனி டப்பாவில் இங்கிலீஷில் இது அச்சடித்திருக்கிறது. ஏழு வருஷம் அந்த டப்பாவை என் கையால் திறந்தவன் நான். படிக்கவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு.

அவனுக்கு நஷ்டஈடு கேட்டுப் போனபோது முதலாளி பதிவேட்டைக் காட்டினார். அதில் எட்டுப் பேர். நாங்கள் நாலு பேர் அதில் இல்லவே இல்லை. நாங்கள் பீஸ் கணக்கு, 'கான்ட்ராக்டு'. 1948 தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் உள்ளே வந்தது, ஈ.எஸ்.ஐ.யும் பத்துப் பேர் கணக்குதான். பத்துக்குக் கீழே நிறுத்த எந்தப் பெயர்களை வெட்டுவார்கள்? பின்கொட்டகைப் பெயர்களைத்தான். நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபது ஆக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைக் கணக்குக்கு இனி வெட்டவேகூடத் தேவையில்லை, முழுப் பட்டறையும் 'தொழிற்சாலை' என்ற வரையறைக்கு வெளியே. வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து 1946-ல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று திருத்தம் கொண்டுவந்தவர் அம்பேத்கர். அவர் சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் கொண்டுவந்த சட்டம் எட்டிப் பார்க்காத கொட்டகைகளில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு ஓட்டை நமக்குச் சாதகமாக இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவித்தால் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும். உலோகப் பாலிஷும் அமிலக் கழுவலும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்று கேட்கலாம். நம் மாநாட்டுத் தீர்மானங்களில் நாற்பது இருந்தால் நாற்பத்தோராவதாக இதையும் போடக் கூடாதா? மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது போராடியதால்தானே.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியது பிடிக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்க பட்டறைக்கு ஒரு புல்லட் வந்தது. டேங்கில் சாதிப் பெயர், சிங்கம், வாள். "சைலன்சர் மூஞ்சி தெரியணும்"னு சொல்லிட்டுப் போனான். நாலு மணி நேரம் அதைத் தேய்த்தேன். வண்டி திருவொற்றியூர்த் தொழிலாளி செய்தது, மினுக்கியது நாங்கள், ஏறி உட்கார மட்டும் எங்கள் பிள்ளைக்கு உரிமையில்லை! வேலையைச் செய்யாமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று சில தோழர்கள் என்னைத் திட்டினார்கள். அன்றைக்குக் கூலி போயிருக்கும், மறுநாள் வேலை போயிருக்கும். திட்டியவர்களில் ரெண்டு பேர் அரசு ஊழியர்கள்.

இப்போது ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் என்னை எடுக்கவில்லை. எமரியில் ரேகை தேய்ந்துவிட்டது. "வேற விரல் வைங்க, வேற விரல் வைங்க" என்று பத்து விரலும் வைத்தாகிவிட்டது. வீட்டுக்காரியை அனுப்பித்தான் அரிசி வாங்குகிறோம்.

வாசிப்பு வட்டத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் பட்டறையைப் பார்க்க வருகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வசதியாம். ஞாயிறு சக்கரம் ஓடாது, திங்கட்கிழமை வா என்று சொல்லியிருக்கிறேன். பசை டப்பாவில் இருக்கிற இங்கிலீஷைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், பேனாவும் அட்டையும் எடுத்து வா என்றும் சொன்னேன். ஜெல் டியூப் ஒன்று நான் வாங்கி வைத்துவிட்டேன்.