ஓய்வு பெற்றால் கூரையும் போகணுமா?



முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை ஓய்வு பெறுது. உடனே வருது கேள்வி: "லைன் வீட்டை எப்போ காலி பண்றீங்க?"

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனா அது வேலை இருக்கும் வரைக்கும்தான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களின் மறுவாழ்வுக்காக உருவானது டான்டீ. அங்கே லயத்தை விட்டு வந்த குடும்பம், இங்கேயும் மூட்டை கட்டணுமா?

"மானியத்துல சொந்த வீடு கட்டிக்கலாமே" என்பார்கள். கட்ட பட்டா வேணும். கூடலூர், பந்தலூரில் பிரிவு 17 நிலச் சிக்கல், 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்திலிருந்து இழுத்துக்கிட்டே இருக்கு. அதனால்தான் கட்டுப்படியாகும் வாடகை வீடு கேட்கிறோம்.

திட்டம் இல்லாமல் இல்லை. 2020-ல் ஒன்றிய அரசு குறைந்த வாடகை வீட்டு வளாகத் திட்டம் கொண்டுவந்தது. 2021 பட்ஜெட்டில் வருமான வரிச் சலுகையும் அறிவித்தது. ஆனா தனியார் புதிதாகக் கட்டணும்னா, குறைந்தது 40 வீடு! மண்சரிவு அபாயமும் கட்டட உயரக் கட்டுப்பாடும் உள்ள மலையில் அது நடக்குமா? சமவெளிக் கணக்கு மலை ஏறாது.

இன்னொன்று. வரிச் சலுகை லாபம் பார்ப்பவருக்குத்தான் பயன்படும். சீசனில் சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் வரும் காசோடு, தொழிலாளி தரும் மாச வாடகை போட்டி போட முடியுமா? வரிச் சலுகையை மட்டும் நம்பி ஏழைக்கு வீடு வராது. அரசே கட்டணும்.

வழி இருக்கு. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-வில் வாடகை வீடு தனிப் பிரிவு. நெல்லியாளமும் கூடலூரும் நகராட்சிகள்தானே!

நம் கோரிக்கைகள்:

🔴 காட்டை வெட்டாமல், இடிந்த லைன் வீடுகள் இருக்கும் இடத்திலேயே ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து வாடகை வீடு கட்டட்டும்.

🔴 மலைக்கு ஏற்ற சின்னச் சின்னத் தொகுப்புகளையும் திட்டத்தில் சேர்க்கட்டும்.

🔴 தொழிலாளிக்கு நீண்டகாலம், நியாயமான வாடகைக்கு விடுபவருக்குச் சொத்து வரியில் சலுகை தரட்டும்.

🔴 மாற்று வீடு தரும்வரை யாரையும் வெளியேற்றாதே! பணிக்கொடையைப் பிடித்து வைக்காதே!

உங்க லைனில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்? கணக்கெடுங்க. அடுத்த பகுதி சபையில் எழுந்து கேளுங்க. கேட்காமல் இந்த மலையில் எதுவும் கிடைத்ததில்லை.

#கூரை_எங்கள்_உரிமை #நீலகிரி