அன்னதான மண்டபத்தில் ஆயுள் மாத்திரை வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாப்பாட்டு மேசையில் "வயசைக் குறைக்கும் மாத்திரை" விக்கிறவங்க இப்போ அதிகமாயிட்டாங்க. ஒரு போத்தல் 280 வெள்ளி. வாங்குறது யாரு? தோட்டத்துல பால்மரம் வெட்டி சேர்த்த காசை வச்சு வாழுற நம்ம பாட்டிங்க. ஒரு அம்மா இதை நம்பி இனிப்புநீர் மருந்தையே நிறுத்திட்டாங்க. கால் புண் ஆறாம ஆஸ்பத்திரிக்குப் போனப்போதான் மகளுக்கே விஷயம் தெரியும்.

விக்கிறவர் 'டெலோமியர்'னு ஒரு வார்த்தை சொல்றார். அது பொய் இல்ல. பூச்சரம் அவிழாம நுனியில முடிச்சு போடுறோமே, அதுமாதிரி செல்லுக்குள்ள குரோமோசோம் நுனியைக் காக்கிற பகுதி அது. செல் பிரியப் பிரிய அது குறையும். மனுஷ செல் ஏறக்குறைய 40 முதல் 60 தடவை பிரிஞ்சு நின்னுடும்னு 1961-இல் ஹேஃப்ளிக் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். குறைஞ்சதை நீட்டுற என்சைமைக் கண்டுபிடிச்ச வேலைக்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைச்சது. எல்லாம் சரி. ஆனா புற்றுநோய் செல்லும் பெரும்பாலும் அதே என்சைமை வச்சுத்தான் நிக்காம பெருகுது. இதை அவர் சொல்லவே மாட்டார்.

யயாதி கதை நமக்குத் தெரியும். மகன் பூருவோட இளமையை வாங்கி ஆயிரம் வருஷம் அனுபவிச்சும் ஆசை அடங்கல. 2023-இல் பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கப் பணக்காரர் தன் 17 வயசு மகனோட பிளாஸ்மாவை உடம்புல ஏத்திக்கிட்டார். பலன் ஒண்ணும் தெரியலன்னு அவரே நிறுத்திட்டார். வருஷத்துக்கு 2 மில்லியன் டாலர் செலவு பண்றவர்னு செய்தி. அவருக்கே கிடைக்காதது 280 வெள்ளியில கிடைக்குமா?

பேக்டரியில மெஷின் ஓட ஓடத் தேயும். உடம்பு நேர் எதிர், உட்கார்ந்தாதான் தேயும். 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லத்துல 90 வயசுக்காரங்க எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செஞ்சாங்க. கால் பலம் சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல கூடிச்சு. தசை கூடினா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையையும் அது இழுத்துக்கும். நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தருக்கு இனிப்புநீர்னு 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்லுது, அதுலயும் இந்தியர்களுக்குத்தான் அதிகம். (கேசரியை நான் குறை சொல்லல, எனக்கும் பிடிக்கும். ரெண்டாவது கரண்டி வேணுமான்னு யோசிக்கலாம்.)

மண்டபத்துக்குள்ள மாத்திரை விக்கக் கூடாதுன்னு போர்டு வைக்க நிர்வாகத்துகிட்ட கேட்டிருக்கேன், போர்டு செலவு என்னோடது. செவ்வாய்க்கிழமை காலையில மண்டபம் சும்மாதான் இருக்கு, நாற்காலியும் இருக்கு. பெரியவங்களுக்கு உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி சொல்லிக்கொடுக்க, பிசியோ படிச்ச பிள்ளைங்க யாராவது இருந்தா பிரசாத கவுண்டர்ல பேர் கொடுங்க.