பழைய டிரம் மெஷினை வீசிவிடாதீர்கள்



சபையின் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போகிற பொருட்களில் பழைய டிரம் மெஷினும் ஒன்று. "பேட்டரியைப் பார் என்று திரையில் வருகிறது, போட்ட ரிதம் நிற்பதில்லை, இனி இது உதவாது" என்கிறோம். பல வேளைகளில் தீர்ந்திருப்பது மெஷின் அல்ல, உள்ளே இருக்கும் சிறிய பேட்டரிதான்.

1989இல் வந்த ரோலண்ட் ஆர்-8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு வந்த ஒலிகள் அழியாது. ஆனால் நாம் உருவாக்கிய ரிதங்கள், சுவிட்சை அணைத்த பிறகு, சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. அதைக் கழற்றினால் அவையும் போய்விடும். ஆகவே, திரையில் எச்சரிக்கை வந்தவுடன் ஸ்குரூடிரைவரைத் தேடாதீர்கள். முதலில் மிடி கேபிள் மூலம் ரிதங்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அது முடியாவிட்டால், ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

பேட்டரி போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். பழகியவர் ஒருவர் துணையோடு, மின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். புது பேட்டரியின் மேலேயே நேராகச் சூடு வைக்கக் கூடாது, வெடிக்கலாம். ஒரு ஹோல்டரைப் பொருத்திவிட்டால் அடுத்த முறை சாலிடரே வேண்டாம். பிளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள். கழற்றிய பேட்டரியைச் சிறு பிள்ளைகள் கையில் அகப்படாமல் வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். எல்லா மெஷினுக்கும் இவ்வளவு வேலை இல்லை. 1980இல் வந்த டிஆர்-808க்கு மூன்று ஏஏ பேட்டரிகளை மாற்றினால் போதும்.

"போனிலேயே ஆயிரம் ரிதம் இருக்கிறதே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு கீர்த்தனையை நம் சபை எந்த வேகத்தில் பாடும், எந்த அடியில் மூச்சு வாங்கும் என்று பார்த்துப் பார்த்து ஒரு மூத்தவர் போட்ட தாளம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. புது பேட்டரியைக் கடையில் வாங்கலாம். அந்தத் தாளத்தை வாங்க முடியாது.

எனவே, அடுத்த பாடல் பயிற்சிக்கு அந்த மெஷினை வெளியே எடுங்கள். ரிதங்களைப் போட்டவர் இன்னும் நம்மோடு இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ரிதம் எந்தப் பாட்டுக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரியை அதற்குப் பிறகு மாற்றலாம்.