பிள்ளைகள் மேல் மட்டும் ஏன் பாய்கிறீர்கள்?

இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் யாரென்று கேட்டால் கல்லூரிப் பிள்ளைகள் விழிக்கிறார்களாம், ரசனையே செத்துவிட்டதாம். இப்படி அங்கலாய்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1944இல் வெளியாகி மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படம் என்றதும் அதில் நடித்துப் பாடிய பாகவதர் பெயர் உங்கள் வாயில் வந்துவிடும். பாட்டெழுதிய பாபநாசம் சிவனும் வாத்திய இசையைக் கவனித்த ஜி.ராமநாதனும் உங்களில் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறார்கள்? நீங்கள் மறந்தால் காலத்தின் போக்கு, பிள்ளைகள் மறந்தால் குற்றமா?

2022இல் 'விக்ரம்' படத்தில் 1995ஆம் ஆண்டு 'அசுரன்' படப் பாட்டு ஒன்று ஒலித்தது. பிறப்பதற்கு முன்பே வந்த அந்தப் பாட்டைப் பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டார்கள். இசை ஆதித்யன். 1992இல் வந்த 'அமரன்' படத்துக்கும் அவர்தான். 1995இல் இளைஞர்களாக இருந்த நம்மில் பலர் அந்தப் பெயரைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. 2017இல் அவர் காலமானார். பிள்ளைகள் கொண்டாடியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பெயர்கள் நமக்குத் தெரிந்ததற்குக் காரணம் நம் மேதமை அல்ல. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இசைத்தட்டின் நடுவிலும் பெயர் அச்சாகியிருந்தது. இன்று செல்போன் திரையில் படத்தின் பெயர் தெரிகிறது. பாட்டெழுதியவர் பெயரைப் பல இடங்களில் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கோபம் இருந்தால் அதைப் பாட்டு விற்கும் கம்பெனிகளிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பழைய பாட்டுக்கும் முழுப் பெயர்ப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள்.