‘என்ற போர்வையில்’

மசாஜ் என்ற சொல் எங்கட தமிழ்ச் செய்தித் தளங்களில் தனியாக வந்ததைக் கடைசியாக எப்ப பார்த்தீர்கள்? நாங்கள் யோசிச்சுப் பார்த்தம், ஞாபகம் வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்பவும் ஒரு வால் தொங்கும்: ‘என்ற போர்வையில்’. மசாஜ் நிலையம் என்ற போர்வையில் இயங்கிய விடுதி சுற்றிவளைப்பு. ஊர் மட்டும் மாறும். இண்டைக்குக் கல்கிசை, நாளைக்கு நுகேகொடை, அடுத்த கிழமை நீர்கொழும்பு. கைதான பெண்களின் வயது இருக்கும், சொந்த மாவட்டம் இருக்கும், சில நேரம் முகத்தைக் கையால் மறைச்ச படமும் இருக்கும். அந்த இடத்தை நடத்திக் காசு பார்த்தவரின் முகத்தை நாங்கள் பெரும்பாலும் பார்த்ததில்லை. கதவு வழியாக உள்ளே போன ஆம்பிளைகள் செய்தியிலேயே இல்லை.

அப்படியொரு தலைப்பு எங்கட வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் விழுந்தது. போட்டவன் எங்களில் ஒருத்தன். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நாங்களும் போட்டம், பொய் சொல்லக்கூடாது. பெண்ணியம் படிக்கிறம், தொழிலாளர் வரலாறு படிக்கிறம், சோதனைக்குப் பக்கம் பக்கமாக எழுதுறம். ஆனால் பெருவிரல் தன்பாட்டில் போய்ச் சிரிப்பை அழுத்துது.

சிரிக்காமல் இருந்தவள் எங்கட தோழி ஒருத்தி. வெள்ளவத்தையில் அவள் இருக்கிற போர்டிங்கில் அடுத்த கட்டிலில் படுக்கிற அக்கா ஒரு ஸ்பாவில் வேலை செய்கிறா. கிளிநொச்சிப் பக்கம். போர்டிங் அன்ரிக்கு ‘பியூட்டி பாலரில வேலை’ என்று சொல்லி வைச்சிருக்கிறா. அம்மாவுக்கு ‘கொம்பனி’. என்ன கொம்பனி என்று அம்மா கேட்டதில்லையாம். இந்தக் கட்டுரை எழுத நினைச்சபோது நாங்கள் மூன்று பேர் அவவோட கதைக்கப் போனம். பேர் போட மாட்டம் என்று முதலே சொன்னம். ‘பேர் போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி, அங்க என்னை வேற பேரிலதான் கூப்பிடுவினம்’ என்றா.

அவ முதலில் காட்டினது கையை. ‘ஒரு நாளைக்கு அஞ்சு பேர், ஆறு பேர். இந்தப் பெருவிரல் அடிமூட்டைப் பாருங்கோ, ராத்திரியில எரியும். முழங்கையாலயும் முன்னங்கையாலயும் பாரம் குடுக்கோணும், விரலால குடுத்தால் ரெண்டு வருசத்தில கை போயிடும். எனக்கு அதை ஒருத்தரும் முதல் சொல்லித் தரேல்ல.’ பாசிக்குடாவில் ஒரு ஹொட்டலில் வேலை பழகினவ. பிறகு கேட்கக் கேட்க வந்தது ஒரு பாடம். முதுகெலும்புக்கு நேர் மேல அழுத்தக்கூடாது. காய்ச்சல்காரருக்குச் செய்யக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நோகுது என்று ஆள் சொன்னால் தொடவே கூடாது, உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும், ஆளை டொக்டரிட்ட அனுப்போணும். பிள்ளைத்தாச்சிக்கு எப்படிச் சரிச்சுப் படுக்க வைக்கிறது, எந்த எண்ணெய் யாருக்குத் தோலில் கடிக்கும். இதெல்லாம் தெரிஞ்ச ஒரு மனுசியைத்தான் நாங்கள் ஒரு எழுத்துக்கும் பெறுமதியில்லாத சிரிப்பு முகத்துக்குக் கீழே போட்டுப் புதைச்சிருக்கிறம்.

இந்த இளக்காரம் ஸ்பாவோடு வந்ததில்லை. உடம்பைத் தொடுகிற வேலையை யார் செய்யலாம் என்பதில் எங்கட சமூகம் மிகக் கவனமாக இருந்திருக்கு. யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கில் முடி வெட்டுவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் ஒரே குடும்பங்களின் தலையில் ‘கடமை’ என்று கட்டப்பட்டது. பிள்ளை பெத்தவளுக்கு எண்ணெய் பூசித் தண்ணி வார்க்க அந்தக் கை வேணும், ஆனால் அந்தக் கைக்கு அதே வீட்டுக் கிணற்றில் வாளி போட உரிமையில்லை. சுளுக்கு உருவ ஆள் தேடி ஓடுவம், உருவின ஆளுக்குத் தனிப் பேணியில் தேத்தண்ணி. நோ தீர்ந்த உடனே தொட்ட கையை மறக்க வேணும் என்ற பழக்கம் அங்க இருந்து வருது. இப்ப ‘போர்வையில்’ என்று எழுதுகிற செய்தியாளருக்கு இது தெரிய வேணுமென்றில்லை, அவரை அறியாமலே அவருக்குள்ளே இருக்கு.

ஸ்காபரோவிலிருந்து மாமா ஒருத்தர் வந்தால் பாருங்கோ, கதை வேற. ‘முதுகு நோவுக்கு ஆர்.எம்.டி.யிட்ட போறனான், இன்சூரன்ஸ் குடுக்கும்’ என்று பெருமையாகச் சொல்லுவார். ஆர்.எம்.டி. என்றால் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர். ஒன்ராறியோவில் அந்தத் தொழிலுக்கென்று 1991இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். பதிவு வழங்க, முறைப்பாடு கேட்க, தவறு செய்தவரை நீக்க ஒரு சபை இருக்கு. பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் பாவிக்க முடியாது. உறவினரின் மகள் ஒருத்தி அங்க அதைப் படிச்சால் வாழ்த்துச் சொல்லுவம். அதே மாமாதான் கொழும்புச் சுற்றிவளைப்புச் செய்தியையும் குடும்பக் குழுவில் போட்டு ‘நாடு எங்க போகுது’ என்று எழுதுவார். தொடுகை ஒன்றுதான் மாமா. அங்க அதற்குப் பின்னால் ஒரு அமைப்பு நிற்குது, இங்க ஒன்றுமில்லை.

அமைப்பு எப்படி வந்தது என்று தேடினபோது எங்களுக்கு ஒரு ஆச்சரியம் கிடைச்சது. 1894இல் லண்டனில் நடந்தது அச்சொட்டாக எங்கட கதை. மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபச்சாரம் நடக்குது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழே எழுதியது, ஊர் முழுக்க அவதூறு. அந்த வருசமே லூசி ரொபின்சன், ரோசலிண்ட் பஜெற், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் என்று நாலு தாதியர் சேர்ந்து பயிற்சிபெற்ற மசாஜ்காரிகளின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பரீட்சை வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். 1920இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. 1944இல் பேரை மாற்றினார்கள். இன்றைக்குப் பிரித்தானியாவின் பிசியோதெரபிஸ்ற்மாரின் சங்கம் என்று உலகம் மதிக்கிறதே, அது இதுதான். எங்கட ஆஸ்பத்திரியில் பிசியோ அறைக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்கிற ஒருத்தருக்கும் இந்தத் தொழிலின் பெரிய சங்கம் ஒரு மசாஜ் அவதூறுக்குள்ளேயிருந்து எழும்பினது என்று தெரியாது.

ஆனால் அந்தக் கதையை அப்படியே தலையில் வைச்சுக் கூத்தாடவும் எங்களால் முடியாது. அந்த நாலு பேரும் மதிப்பை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று பாருங்கோ. மருத்துவர் சொல்லாமல் மசாஜ் செய்வதில்லை. மருத்துவர் தனிப்படக் கேட்டாலொழிய ஆண்களுக்குச் செய்வதில்லை. மருத்துவ இதழ் தவிர வேறெங்கும் விளம்பரம் போடுவதில்லை. அதாவது, டொக்டர்மாரின் குடைக்குக் கீழே போய் நின்று ‘நாங்கள் நல்ல பிள்ளைகள், அவளவைதான் கெட்டவளவை’ என்று ஒரு கோடு கீறினார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

அப்ப பாலியல் தொழிலுக்கும் வக்காலத்தோ என்று கேட்பீர்கள். கேளுங்கோ. பொலிஸ் கையில் எடுக்கிற சட்டங்களின் வயதை முதலில் பாருங்கோ: அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம் 1841, விபச்சார விடுதிகள் கட்டளைச்சட்டம் 1889. இரண்டும் வெள்ளைக்காரன் எழுதினது. லண்டன் அவதூறுக்கும் முந்தினது. விருப்பமில்லாத வேலையில் ஒரு பெண் அடைக்கப்பட்டிருந்தால் அவளை மீட்க வேணும். விரும்பிச் செய்தாலும் வழியில்லாமல் செய்தாலும் அவளுக்கு வழக்கறிஞர் வேணும், மருத்துவம் வேணும், முகம் மறைக்கக் கையைத் தூக்க வேண்டிய தேவை இல்லாமல் இருக்க வேணும். மசாஜ் தொழிலாளருக்கு ஒரு சங்கம் வந்தால் அது அவளை ஏறி மிதிச்சு மேலே வரக்கூடாது. அக்காவிட்ட இதைச் சொன்னபோது அவ உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் எழுத வேணும். ‘உங்களுக்குச் சொல்ல லேசு. வாறவன் ஒவ்வொருத்தனும் கண்ணால கேக்கிறான். நான் அவளவை இல்லை எண்டு தினமும் சொல்ல வேண்டிக்கிடக்கு.’ அவவின் கோபம் நியாயம். அந்தக் கோபம் கண்ணால் கேட்கிறவனிடம் போக வேணும் என்பதுதான் எங்கட வாதம்.

தென்கொரியாவில் வேற விதமாக நடந்தது. அங்க சட்டப்படி பார்வையற்றவர்கள் மட்டும்தான் மசாஜ் உரிமம் பெறலாம். 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. பார்வையற்ற தொழிலாளர்கள் சோலில் மாபோ பாலத்தில் ஏறி நின்று போராடினார்கள், சிலர் ஹான் ஆற்றில் குதித்தார்கள். சில மாதத்துக்குள் பாராளுமன்றம் அந்த உரிமையைச் சட்டமாகவே எழுதிக் கொடுத்தது. 2008இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பார்வையுள்ள மசாஜ் தொழிலாளருக்கு இது அநியாயம் என்ற வாதம் இன்றைக்கும் இருக்கு, அதில் நியாயமும் இருக்கு. ஆனால் டொக்டர்மாரின் குடையைத் தேடாமல், தங்கட வயிற்றைக் காட்டி நேராகக் கேட்டார்கள்.

எங்கட அக்காவின் வயிற்றுக்கு வருவம். அவவுக்குச் சின்னச் சம்பளம், மிச்சம் கொமிசன், ரிப்ஸ். நியமனக் கடிதம் இல்லை. ‘கொமிசன்காரருக்கு ஈ.பி.எஃப். இல்லை’ என்று முதலாளி சொன்னாராம். பச்சைப் பொய். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கொமிசனுக்கு வேலை செய்பவரையும், தற்காலிகமாகச் செய்பவரையும், பழகுநரையும் ஊழியர் என்றுதான் பார்க்குது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதோட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். மாத உழைப்பு 50,000 ரூபா என்று ஒரு கணக்குக்கு வைச்சால், முதலாளி கட்ட வேண்டியது மாதம் 7,500 ரூபா. ஐந்து வருசத்தில் 450,000, வட்டி சேர்க்காமல். அந்தப் பெருவிரல் எரிஞ்ச காசு அது. இதை எந்தச் செய்தித் தளமும் ‘ஸ்பா என்ற போர்வையில் சேமலாப நிதி ஏய்ப்பு’ என்று எழுதாது. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் தனி ஆளாய்க் கொடுத்தால் அடுத்த நாள் வேலை இல்லை. சங்கம் வேணும் என்று நாங்கள் கத்துகிறது இதுக்குத்தான்.

சான்றிதழ் விசயமும் இப்படித்தான். வேலையில் பழகினவருக்கு, வகுப்புக்குப் போகாமலே, அவர் செய்து காட்டுகிற திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கிற முறை இந்த நாட்டில் இருக்கு. முன்கற்றலை ஏற்றுக்கொள்வது என்று பேர். தச்சன் வாங்குறான், வயரிங் பாஸ் வாங்குறார். அக்காவுக்கு அப்படியொன்று இருக்கென்றே தெரியாது. அவவிட்ட இருக்கிறது ஹொட்டல் கொடுத்த ஒரு வண்ணக் காகிதம், அதில் அவவின் பேரிலேயே எழுத்துப்பிழை.

பிறகு ‘வாய்ப்புகள்’. பேஸ்புக்கில் வருகிறதே: மாலைதீவு, டுபாய், கட்டார், ஸ்பா வேலை, பெண்கள் மட்டும், முழு உயரப் படம் அனுப்பவும், விசிற் விசாவில் போய் அங்க மாத்தலாம். மசாஜ் தெரியுமா என்ற கேள்வி அதில் கடைசியில்தான் வரும், சிலதில் வரவே வராது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இல்லாமல் ஒருத்தரும் ஆள் எடுக்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர் வெளிக்கிட முதல் பணியகத்தில் பதிய வேணும். விசிற் விசா என்று யாரும் வாயைத் திறந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாங்கோ. ஒரு சங்கம் இருந்திருந்தால் போய்த் திரும்பினவர்கள் எந்த ஹொட்டல் கடவுச்சீட்டைப் பறிச்சு வைக்கும், எது ஒழுங்காகச் சம்பளம் போடும் என்று தங்களுக்குள் சொல்லியிருப்பினம். இப்ப அந்தத் தகவல் ஒவ்வொருத்தியின் தலைக்குள்ளும் தனித்தனியாக இருக்கு.

சட்டம் கேட்கிறது பெரிய கூட்டம் இல்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டப்படி ஏழு அங்கத்தவர் கையெழுத்து வைச்சால் தொழிற்சங்கமாகப் பதிய விண்ணப்பிக்கலாம். ஏழே ஏழு. முதலாளிமார் சேர்ந்து ‘ஸ்பா துறைச் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கி வேலை செய்கிறவர்களை அதில் பின்வாங்கில் இருத்த முதல், இந்த ஏழு பேர் சேர வேணும். விண்ணப்பம் எழுத, மூன்று மொழியில் தட்டச்சுச் செய்ய, திணைக்களத்தில் வரிசையில் நிற்க நாங்கள் வாறம். சிரிப்பு முகம் போட்ட பெருவிரலுக்கு அது ஒரு வேலை.

அக்காவிட்ட இதைச் சொன்னம். ‘ஏழு பேர் போதுமோ?’ என்று நம்பாமல் கேட்டா. பிறகு விரல் மடிச்சு எண்ணினா. தன்னோட வேலை செய்கிற மாத்தறைப் பிள்ளை, ஹற்றனிலிருந்து வந்த ரெண்டு பேர், தான். நாலு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. ‘ரண்மினியைக் கேக்கலாம், ஆனா அவள் வாற மாதம் மாலைதீவு போறாள்’ என்றா. பிறகு அந்தப் பேர் உண்மைப் பேர் இல்லை, வேலையில கூப்பிடுறது, உண்மைப் பேர் தனக்கே தெரியாது, முதல் அதைக் கேக்கோணும் என்றா.