பெற்றோருக்கு கிரீன் கார்டு எடுக்கும் முன்



போன வாரம் ஒரு மாணவன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். 2003ல் என்னிடம் பத்தாம் வகுப்பு கணக்கு படித்தவன். "சார், எனக்கு சிட்டிசன்ஷிப் வந்துடுச்சு. அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு போடலாம்னு இருக்கேன். உங்களுக்கு அனுபவம் இருக்கே, என்ன சொல்றீங்க?" என்றான். "அப்பாகிட்ட கேட்டியா?" என்றேன். "அவருக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்?" என்றான். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் ஒரு பீரியடு முழுக்க என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வீடும் பென்ஷனும் பழகிய டாக்டரும் இருக்கிற, வருடத்தின் பெரும்பகுதியை ஊரிலேயே கழிக்க ஆசைப்படுகிற பெற்றோருக்கு கிரீன் கார்டு வேண்டாம். விசிட்டர் விசா போதும். நானும் என் மனைவியும் கிரீன் கார்டு வாங்கி, ஐந்து வருடம் வைத்திருந்து, பிறகு நாங்களாகவே திருப்பிக் கொடுத்தவர்கள்.

2016ல் வாங்கினோம். மகன் குடியுரிமை பெற்றதும் ஐ-130 மனு போட்டான். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு மனு போடலாம். அண்ணன் தம்பிக்குப் போடுவதுபோல் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மும்பையில் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து டாலஸ் போய்ச் சேர்ந்தோம். எங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று மகன் ஐ-864 படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். அது சட்டப்படி அவனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் கணக்கு என்னவென்றால், ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் திருமங்கலத்தில். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா கார்டு செல்லும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். 2018ல் அக்கா மகள் கல்யாணம், வீட்டு மாடி ஒழுகியதைச் சரிசெய்யும் வேலை என்று ஏழு மாதம் ஊரில் தங்கிவிட்டுத் திரும்பினோம். விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். 'டாலஸ்' என்று சொல்ல வேண்டும் என்று மகன் பத்து முறை சொல்லி அனுப்பியிருந்தான். என் வாயில் 'திருமங்கலம்' என்றுதான் வந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்களைத் தனி அறைக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் காக்க வைத்து, எச்சரித்து விட்டார்கள்.

அந்த அதிகாரி மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. கிரீன் கார்டு என்பதன் பொருளே 'இனி என் வீடு அமெரிக்கா' என்பதுதான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். ஒரு வருடம் ஆகிவிட்டால் அந்த அட்டையை மட்டும் காட்டி உள்ளே நுழைய முடியாது. அடிக்கடி போய்த் தலையைக் காட்டினாலும், வீடு வேறு நாட்டில்தான் என்று தெரிந்தால் சிக்கல்தான். நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டுமென்றால் ஐ-131 படிவம் போட்டு மறுநுழைவு அனுமதி வாங்கலாம். இரண்டு வருடம் வரை தருவார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த நிபந்தனைதான் வினையானது.

2020 ஜனவரியில் பொங்கலுக்கு வந்தோம். மார்ச்சில் விமானமெல்லாம் நின்றுபோனது. ஜூலைக்குப் பிறகு சிறப்பு ஏற்பாட்டில் விமானங்கள் பறந்தன. ஆனால் அந்த வயதில், அந்த நேரத்தில் கிளம்பத் துணிவு வரவில்லை. செப்டம்பரில் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வருடம் கடந்துவிட்டது. நம் கையில் இல்லாத காரணத்தால் மாட்டிக்கொண்டவர்களுக்கு எஸ்பி-1 என்று ஒரு விசா உண்டு. மகன் அதற்கு முயற்சி செய்யலாம் என்றான். மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "என் டாக்டர் இங்கதான இருக்கார்?" 2021ல் ஐ-407 படிவத்தை நிரப்பி, அட்டைகளையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். மகன் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அவன் காசும் உழைப்பும் போட்டது. அந்த வருத்தம் நியாயம்தான்.

இனி வரி விஷயம். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கிரீன் கார்டு கையில் வந்த நாளிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அதை அமெரிக்க வரித்துறையிடம் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு பென்ஷனும் அதில் அடக்கம். இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் அரசு பென்ஷனுக்குச் சலுகை இருக்கிறது. ஆனால் அங்கே குடியேறியவர் என்ற தகுதி வந்துவிட்டால் அந்தச் சலுகை அங்கே உதவாது. இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எங்கள் பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்ந்தாலும் அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய வரம்பைத் தொடவில்லை. அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தோம்.

அது தவறு. எஃப்பார் என்று ஒரு அறிக்கை இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளின் தொகையும் சேர்த்து, வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால், ஒவ்வொரு கணக்கையும் காட்ட வேண்டும். வரி ஒரு டாலர்கூட இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். கூட்டுக் கணக்கும் சேரும். என் தம்பியோடு சேர்ந்து வைத்திருந்த கணக்குகூட. அன்றைய மதிப்பில் 10,000 டாலர் என்பது ஏழு லட்ச ரூபாய். பணிக்கொடையை டெபாசிட்டில் போட்ட எந்த வாத்தியாரும் அதைத் தாண்டிவிடுவார். தெரியாமல் விட்டதற்கே அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். கணக்குக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்ததை, ஓர் ஆண்டு அறிக்கைக்கு ஒன்றுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023ல் சொன்னது. எங்களுக்கு 2019ல் ஓர் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் காரணத்தை எழுதித் தாமதமாகத் தாக்கல் செய்தோம். அபராதம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் நான் தூங்கியது எனக்குத்தான் தெரியும். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, அய்யா. திருடினதா?

இன்னொன்று. ஊருக்கே திரும்பி வந்து, அட்டையை பீரோவில் பூட்டி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முறைப்படி திருப்பிக் கொடுக்கும்வரை வரிக் கண்ணில் நீங்கள் அந்த ஊர்க்காரர்தான். கடைசிப் பதினைந்து வருடத்தில் எட்டு வரி ஆண்டுகளாவது கார்டு வைத்திருந்துவிட்டு விட்டால், அதற்குத் தனி விதிகளே இருக்கின்றன. விடுவதாக இருந்தால் அதற்கு முன்பே விடுவது நல்லது.

இந்தியப் பக்கம் மட்டும் சும்மா இருக்குமா? நிரந்தரமாகப் போனவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். டெபாசிட் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸும் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் அப்போது கொடுத்த 15எச் படிவம் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிளம்பும்போது 15எச் படிவங்களில் கையெழுத்துப் போட்டு மைத்துனரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வங்கியில் யாரும் கேட்கவும் இல்லை. பிறகு ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வரியை வட்டியோடு கட்டினேன்.

பென்ஷன் நேர்காணல் கதை வேறு. அப்போது வாழ்வுச் சான்றுக்காக ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நாலு மணி நேரம் காரில் போனோம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க மகன் ஒரு நாள் லீவு போட்டான். இப்போது ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினாலே முடிகிறது. ஒன்று மட்டும்: உங்கள் பெற்றோரின் இந்திய செல் நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் அவர்கள் பணத்தை அவர்களே தொட முடியாது.

சரி, விசிட்டர் விசாவில் தொல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பத்து வருடம் என்று போட்டிருப்பது விசாவின் ஆயுள். நீங்கள் எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. விமானப் பயணிகளுக்கு 2013லிருந்து அது காகிதமாக வருவதில்லை. இறங்கியதும் இணையத்தில் பார்த்துத் தேதியை எழுதி வைக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதம். அந்தத் தேதிக்குப் பின் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடம் தங்கிவிட்டால் பத்து வருடம் திரும்பி வரத் தடை. அப்புறம் மருத்துவக் காப்பீடு. பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் பழைய நோய்களைச் சேர்ப்பதில்லை. ஸ்டென்ட் வைத்தவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்தான். ஆனால் கிரீன் கார்டிலும் 65 வயதும் ஐந்து வருடத் தொடர் குடியிருப்பும் ஆன பிறகுதான் மெடிகேரை விலை கொடுத்து வாங்க முடியும். அதுவரை மகன்தான் பிரீமியம் கட்டினான்.

விசிட்டருக்கும் ஒரு வரிக் கணக்கு உண்டு. கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த இடம் இது. இந்த வருடம் அங்கே இருந்த நாட்கள் முழுவதும், போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் 183 வந்தால், விசிட்டரும் வரிக்கு அந்த நாட்டில் வசிப்பவராகிவிடுவார், எஃப்பார் உட்பட. வருடம் 180 நாள் இருப்பவருக்கு 180, 60, 30, ஆக 270. மாட்டிக்கொண்டார். 120 நாள் இருப்பவருக்கு 120, 40, 20, ஆக 180. தப்பித்தார். வருடா வருடம் 121 நாள் வரை போகலாம். 122 என்றால் சரியாக 183 வந்துவிடும், போட்டுப் பாருங்கள். தாண்டினாலும் அந்த வருடத்தில் 183 நாளுக்குள் இருந்து, வீடும் வாசலும் இந்தியாவில்தான் என்றால் 8840 படிவம் கொடுத்து விலகலாம். கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. அங்கே ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும், இங்கே ஏப்ரலிலிருந்து. நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருந்தால் நாம் இங்கே வசிப்பவர். நாலு மாதப் பயணம் என்றால் இரண்டு பக்கமும் இடிக்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் எடுத்த கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். துணையை இழந்து தனியாக இருக்கும் அம்மா, ஊரில் பார்த்துக்கொள்ள ஒருவருமில்லாத அப்பா, பேரப்பிள்ளைகளோடுதான் இனி வாழ்க்கை என்று மனதாரச் சொல்பவர்கள், இவர்களுக்கு கிரீன் கார்டுதான் சரி. எங்கள் தெருவிலிருந்தே ஒரு அக்கா அப்படிப் போய் சந்தோஷமாக இருக்கிறார். அவரை அதிகாரி கேட்டால் தயங்காமல் அந்த ஊர்ப் பெயரைச் சொல்வார்.

அந்த மாணவன் நேற்று மறுபடி பேசினான். அப்பாவிடம் கேட்டானாம். "மாட்டை யார் பாத்துப்பா?" என்று திருப்பிக் கேட்டாராம். பி-2 விசாவுக்கு விண்ணப்பம் போடப் போகிறான்.

நாங்கள் 2023லிருந்து விசிட்டர்களாகப் போய் வருகிறோம். முதல் நேர்காணலில் ஐ-407 நகலைக் காட்டியதும் பெரிதாக வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த முறைக்கும் டிக்கெட் போட்டாயிற்று, 118 நாள். மூன்று நாள் விமானம் ரத்தாவதற்கு விட்டிருக்கிறேன். உங்கள் பெற்றோர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வங்கி இருப்பை மட்டும் கமெண்டில் எழுதாதீர்கள், போன முறை ஒருவன் எழுதினான்.